சந்தியாகு அடித்த சீட்டி

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் பாட்டை யாரோ என்னைக் கேட்காமல் பயன்படுத்தியிருப்பதாகச் செய்தி வந்தது. மாதத்துக்கு ஒன்றிரண்டு இப்படி வரும். எங்காவது ஓர் ஊரில் ஓர் அடக்க ஆராதனையைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியிருப்பார்கள். பின்னால் பாடகர் குழு 'நின் முற்றத்தில் நின்றேன்' பாடிக்கொண்டிருக்கும். எங்கள் பாட்டைப் பதிவு செய்து வெளியிட்ட சென்னைக் கம்பெனியின் கணினி அதைக் கண்டுபிடித்து எனக்கு எழுதும். இசை: எபினேசர். உரிமை கோரவா, விட்டுவிடவா? கோரு என்பேன். பணமாக ஒன்றும் பெரிதாக வந்துவிடாது. வீடியோவுக்கு அடியில் என் பெயர் வரும், எனக்கு அதுதான் வேண்டும்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சபையின் பாடகர் குழுவை முப்பத்தொரு வருஷமாக நடத்துகிறேன். சபையின் மாத இதழில் துணுக்குப் பக்கமும் நான்தான். கோயமுத்தூருக்கு ரயில் வருவதற்கு முன்பே போத்தனூருக்கு வந்துவிட்டது, ஒரு நாழிகை என்பது இருபத்து நாலு நிமிஷம், இந்த மாதிரி. திட்டுவதற்கு நாம் சொல்கிற 'பன்னாடை' உண்மையில் தென்னை மட்டையின் அடியில் இருக்கும் வலை என்று ஒருமுறை எழுதினேன். அதில் வடிகட்டினால் நல்லது கீழே போய்விடும், குப்பை மட்டும் தங்கும், அதனால்தான் அது வசவு ஆயிற்று என்று விளக்கமும் கொடுத்தேன். சபையில் நாலு பேர் கைகொடுத்தார்கள். யாருக்காக எழுதினேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அன்றைக்கு வந்த வீடியோவில் சாவும் இல்லை, சபையும் இல்லை. ஒரு பாக்குத் தோப்பு, ஓரமாக ஓர் ஓடை, ஓடையில் ஒரு பாறை. பாறை மேல் கருநீலத்தில் ஒரு குருவி. தோளில் மட்டும் வெயில் பட்டு நீலம் பளபளத்தது. 'சீகாரப் பூங்குருவி, சிறுவாணி அடிவாரம், காலை 6.10' என்று கீழே எழுதியிருந்தது. ஏற்றியவர் பெயர் நித்யஸ்ரீ. எனக்குச் சிரிப்பு வந்தது. கணினிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முதல் அடி முடிவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அது சீட்டி அடித்தது. மனுஷன் அடிக்கிற மாதிரியே அடித்தது. முதல் அடி என் பாட்டு, சந்தேகமே இல்லை. இரண்டாம் அடி முடியும் இடத்தில் நிறுத்தியது. ஓடைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு தொண்டையைக் கமறுகிற மாதிரி இரண்டு தடவை வறண்ட சத்தம். அதற்கப்புறம் மேலே ஏறி, அடியை முடிக்காமல் அங்கேயே விட்டுவிட்டது.

நான் காதில் இருந்ததைப் பிடுங்கி மேஜையில் வைத்தேன். அப்படி நிறுத்தி, அப்படிக் கமறி, அப்படி மேலே ஏறிப் போகிறவன் உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான். அவனைக் கருமத்தம்பட்டியில் புதைத்து ஆறு வருஷம் ஆகிறது.

அவன் பெயர் சந்தியாகு. கருமத்தம்பட்டிக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் சபைப் பெண் கிருபாவதியைக் கட்டியவன். சிறுவாணி அடிவாரத்தில் ஒரு பாக்குத் தோப்புக்குக் காவல்காரன். யானை வந்தால் வெடி போட்டு விரட்டுவது அவன் வேலை. வாரம் ஆறு நாள் அங்கே, ஞாயிறு மட்டும் பெண்டாட்டியோடு எங்கள் ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். வெடிமருந்துப் புகையோ என்னவோ, அவனுக்கு நெஞ்சு எப்போதும் இளைக்கும். ஆனால் சீட்டி அடித்தால் அப்படி ஒரு சுத்தம்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு ஞாயிறு, பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு, அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இந்த மெட்டைச் சீட்டி அடித்தான். யாருடையது என்று கேட்டேன். "சும்மா வந்துச்சுங்க மாஸ்டர்," என்றான். திரும்ப அடிக்கச் சொன்னேன். ஏழெட்டுத் தடவை அடித்தான். நான் சால்ஃபாவில் எழுதினேன். சால்ஃபா என்றால் டோ, ரே, மீ என்று மெட்டை எழுத்தாகவே எழுதும் முறை. எங்கள் சபைகளில் எல்லாப் பாட்டும் அதில்தான் இருக்கும். அவனுக்கு அது தெரியாது.

எழுதும்போது இரண்டு திருத்தம் செய்தேன். இரண்டாம் அடியின் முடிவில் அவனுக்கு மூச்சு வாங்கும் இடைவெளியை வெட்டினேன். தாளம் நாலு நாலாகக் கட்டத்தில் அடங்க வேண்டுமே. கடைசி அடியை அவன் மேலேயே விட்டுவிடுவான். கும்பல் பாடும் பாட்டை அப்படித் தொங்கவிட முடியாது என்று கீழே, அடிச் சுரமான டோவுக்கு இறக்கி முடித்தேன். வார்த்தைகளும் நான் போட்டேன். பக்கத்தின் அடியில் வழக்கம்போல என் பெயரின் முதலெழுத்துகளை, எ.எ. என்று எழுதினேன். எங்கள் குழுவில் சால்ஃபாவைப் படி எடுக்கிறவர் தன் எழுத்தைப் போட வேண்டும். தப்பு இருந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அடுத்த வருஷம் சபையின் பொன்விழாவுக்குக் கம்பெனிக்காரர்கள் வந்து பதிவு செய்தார்கள். பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்திரம் என் கையெழுத்துக்கு வந்தபோது, 'இசை' என்ற கட்டத்தில் என் பெயரை ஏற்கெனவே டைப் அடித்திருந்தார்கள். அடியில் இருந்த எ.எ.வைப் பார்த்து அவர்களாக எடுத்துக்கொண்டது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். வார்த்தை என்னுடையது, எழுதினது நான், சீர்படுத்தினது நான், அப்புறம் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டேன். அப்புறம் என்பது எனக்கு வரவே இல்லை.

சந்தியாகுவுக்கு ஒரு சிடி கொடுத்தேன். இரண்டு கையிலும் வாங்கினான். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தான். "நல்லா வந்திருக்குதுங்க மாஸ்டர். நம்ம பாட்டாட்டமே இல்லீங்க, அத்தனை நல்லா இருக்குது," என்றான். அந்த 'நம்ம' என் காதில் விழுந்தது. விழாத மாதிரி அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டேன்.

அவன் இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் அந்தப் பாட்டைத்தான் பாடினோம். நான்தான் கை ஆட்டினேன். கிருபாவதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பாட்டுலயே அவுர அனுப்பியாச்சுங்க," என்றாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அழுகிற பெண்ணிடம் இதையா பேசுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீடியோ வந்த மறுநாள், நித்யஸ்ரீ எப்படியோ என் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"ஏனுங்க சார், அது குருவிங்க. குருவி மேலயா கேஸ் போடப் போறீங்க?"

விட்டுவிடுகிறேன் அம்மணி என்று சொல்லி, அப்போதே விட்டுவிடு என்பதை அழுத்தினேன். கணினி காரணம் கேட்டது. இது உங்கள் இசை இல்லை என்றால் யாருடையது என்று ஒரு கட்டம் வந்தது. அதைக் காலியாக விட்டேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை பயிற்சியில் 'நின் முற்றத்தில்' பாடிக்கொண்டிருந்தோம். இரண்டாம் அடி முடிந்ததும் இருபத்திரண்டு பேரும் ஒன்றாக நின்றுவிட்டார்கள். என்ன என்று கேட்டேன். "நீங்கதான் சார் கையை நிறுத்தீட்டீங்க," என்றாள் மேல் குரல் பாடும் சோப்ரானோ வரிசையில் நிற்கும் ஜெனிஷா. பார்த்தால் என் கை அந்தரத்தில் நிற்கிறது. நான் நிறுத்தவில்லை. சத்தியமாக நிறுத்தவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அமைதியில், கடைசி பெஞ்சுப் பக்கம் யாரோ இரண்டு தடவை கமறினார்கள். கடைசி பெஞ்சில் யாரும் இல்லை.

பயம் என்றால் பயம்தான், ஒளிக்க என்ன இருக்கிறது. அறுபத்தாறு வயதில், பட்டப் பகலில், டி.வி.சாமி ரோட்டில் நடக்கும்போது பின்னால் சீட்டி கேட்கிற மாதிரி இருந்து இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். நித்யஸ்ரீயைக் கூப்பிட்டு, அந்தக் குருவியை நான் பார்க்க வேண்டும் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் என்னை ஓடைக்குக் கூட்டிப்போனாள். சந்தியாகு காவல் இருந்த அதே தோப்பு. தோப்புக்காரர் குமாரசாமியும் டார்ச்சோடு கூட வந்தார். யானை இலத்தி கிடந்த இடங்களைப் பார்த்துத் தாண்டித் தாண்டி நடந்தோம். நித்யஸ்ரீ சும்மா வரவில்லை, என்னைப் போலவே அவளும் துணுக்கு ஜாதி. இந்தக் குருவிகள் கேட்டதைப் பிடித்துக்கொள்ளும் என்றாள். "தெய்வத்தோட ராகத்தைத் திருடின பையன்தான் இந்தக் குருவி ஆயிட்டான்னு ஒரு கதை இருக்குதுங்க சார். பாதிதான் ஞாபகம் இருந்துச்சாம், அதனாலதான் முடிக்காம முடிக்காம அடிக்குதாம்." வேறொரு நாளாக இருந்தால் நோட்டை எடுத்து எழுதியிருப்பேன். அன்றைக்குக் கை சட்டைப் பையின் பக்கமே போகவில்லை.

"நம்ம சந்தியாகு அந்தப் பாறை மேலதானுங்க உக்காந்திருப்பான்," என்றார் குமாரசாமி. "காலைல அங்க உக்காந்து சீட்டி அடிப்பான். நாம கிட்டப் போனா நிறுத்திப்போடுவான். அடிடா, நல்லாத்தான இருக்குதுன்னா, வேண்டாமுங்கன்னு எந்திரிச்சுப் போயிருவானுங்க. கடைசி வரைக்கும் ஒருக்காக்கூட எங்க முன்னால அடிச்சதில்லீங்க."

ஏன் என்று கேட்டேன். "கூச்சமாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேனுங்க," என்றார்.

குருவி வந்தது. பாறையில் உட்கார்ந்து அடித்தது. ஃபோனில் கேட்டதைவிட நேரில் நூறு மடங்கு அவன்தான். மூச்சு வாங்கும் இடத்தில் அப்படியே நின்றது. என்னை அறியாமல் "சந்தியாகு" என்று கூப்பிட்டுவிட்டேன். குருவி திரும்பி என்னைப் பார்த்தது. இரண்டு தடவை கமறியது. பறந்துபோயிற்று.

"பயந்தா அப்படித்தான் சார் சத்தம் குடுக்கும்," என்றாள் நித்யஸ்ரீ, என் முகத்தைப் பார்க்காமல். அது எனக்கும் தெரியும். ஆனால் அவன் யாருக்குப் பயந்து ஆள் வந்தால் நிறுத்தினான் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தோப்பிலிருந்து நேராகக் கருமத்தம்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

கிருபாவதியின் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடம். வீட்டுக்குள் பேசினால் நாம் பேசுவது நமக்கே கேட்காது. பக்கத்துக் கூடத்தில் நூல் கோன் சுற்றும் வேலைக்குப் போய்வருகிறாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. "வாங்க மாஸ்டர், வாங்க வாங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சொல்ல வந்ததைக் கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறி நிற்கும், அதுவரைக்கும் இருங்க என்று சைகை காட்டிவிட்டு எனக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

தறி நின்றது. காது ரீங்காரம் அடித்தது. நான் சோற்றில் கை வைக்காமல் சொல்லிவிட்டேன். அந்த மெட்டு என்னுடையது இல்லை, சந்தியாகுவுடையது, பத்திரத்தில் என் பெயரைப் போட்டுக்கொண்டேன், தெரிந்தேதான் போட்டேன் என்றேன். ஃபோனை எடுத்துக் குருவியை வைத்தேன். அவள் குனிந்து கேட்டாள். கமறல் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவுருதுதான்னு எனக்குத் தெரியுமுங்க," என்றாள். "எம்முன்னால உக்காந்துதான அந்த மெட்ட அடிச்சு அடிச்சுச் சரி பண்ணுனாரு. அட்டைல உங்க பேரு போட்டிருந்துச்சு. சரி, மாஸ்டருக்குக் குடுத்துட்டாராட்ட இருக்குதுன்னு இருந்துட்டேனுங்க."

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. வெட்கமில்லாமல் அதையும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். கதவின் உள்பக்கத்தில், மாதா படத்துக்குக் கீழே, பழுப்பேறின ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எங்கள் சபை இதழின் துணுக்குப் பக்கம். 2013, மார்ச்.

'தெரியுமா உங்களுக்கு? பதிவு செய்யப்பட்ட பாடலை உரியவரின் அனுமதி இல்லாமல் பாடுவது சட்டப்படி குற்றம். உரிமையாளர் இறந்த பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு இது பொருந்தும்.'

நான் எழுதினதுதான். பக்கத்துச் சபைக்காரர்கள் என் பெயரைச் சொல்லாமல் அந்தப் பாட்டைப் பாடிவிட்டார்கள் என்ற எரிச்சலில் எழுதியது. வீட்டில் பாடுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆராதனையில் பாடுவதற்கும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அது எழுதும்போதே எனக்குத் தெரியும். அதையும் எழுதினால் அவர்களுக்கு உறைக்காது என்று விட்டுவிட்டேன்.

"நாந்தானுங்க படிச்சுக் காட்டுனேன்," என்றாள் கிருபாவதி. "அன்னிக்கு நிறுத்துனவருதானுங்க. அப்புறம் ஊட்டுக்குள்ள ஒரு நாளுகூட அடிக்கல. எனக்குக் கேக்கோணும்னு ஆசையா இருக்கும். அவுரு நெஞ்சு முடியாமப் படுத்திருந்தப்போ, கதவச் சாத்திட்டு மெல்ல அடிங்க, யாருக்குங்க தெரியப் போகுதுன்னேன். தப்புன்னு எழுதிப்போட்டாங்கல்ல கிருபா, அப்புறம் எப்படின்னாரு. மாஸ்டர ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்களான்னேன். கேட்டா அவுரு மனசு சங்கடப்படும்னு சொல்லிட்டாருங்க."

அன்றையிலிருந்து சாகிற வரைக்கும் ஆறு வருஷம். ஆள் இல்லாத ஓடைக்குப் போய்க் குருவிக்குச் சீட்டி அடித்திருக்கிறான், என் சட்டத்துக்குப் பயந்து. பக்கத்தில் பெண்டாட்டி கேட்க மாட்டோமா என்று காத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னாலேயே அழுதேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இனிமேட்டு நான் ஊட்ல பாடிக்கலாமுங்களா, மாஸ்டர்?"

"பாடு அம்மணி. அது உன்னுது. நாளைக்கே கம்பெனிக்கு எழுதி அவன் பேரைப் போட வைக்கிறேன்," என்றேன்.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். சன்னமாக முனகிப் பார்த்தாள். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாம் அடி முடிவில் நிற்காமல் கடந்துபோனாள். கடைசி அடியில் அவள் குரல் ஒழுங்காகக் கீழே இறங்கி டோவில் நின்றது. தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் கீழேதான் இறங்கியது. மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அவுருது எனக்கு மறந்தே போச்சாட்ட இருக்குதுங்க," என்றாள். "கோயில்லயும் அடக்கத்துலயும் கேட்டுக் கேட்டு, உங்களுதுதான் வருதுங்க."

குருவியை மறுபடி போட்டேன். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு வேளை முடிந்து தறிகள் ஓடத் தொடங்கின. ஃபோனைக் காதில் வைத்து அழுத்திப் பார்த்தாள், கேட்கவில்லை. நான் பாடிக் காட்டுகிறேன் என்று சைகை செய்து, அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தறிச் சத்தத்துக்கு மேலே குரலை எழுப்பினேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கே மேலே விட வேண்டும் என்றும் தெரியும். முப்பத்தொரு வருஷமாகக் குழுவுக்குப் பாடிப் பழகின தொண்டை எங்கேயும் நிற்காமல் போய், கடைசி அடியில் தானாகக் கீழே இறங்கி, என் பாட்டாகவே முடித்தது.

கிருபாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"ஆமாங்க மாஸ்டர். இப்படியேதானுங்க அடிப்பாரு," என்றாள், என் மனசு சங்கடப்படக் கூடாது என்று.